கேளாமலே செய்தி தரும் கருவிகள்

பால்மரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கட்குப் பெரட்டு என்பது விளக்க வேண்டிய சொல்லன்று. விடியுமுன் தண்டல் ஒவ்வொரு பெயராக அழைப்பார். ஆள் இருந்தால் குரல் வரும். பின்னர் நிரையில் ஒருவர் வழுக்கி விழுந்தாலும், யாரேனும் ஓடிவந்து சொன்னாலன்றி, மறுநாள் பெரட்டு வரை ஏட்டில் அவர் நலமாகவே இருப்பார். கணினி வலையமைப்புகளைக் கண்காணிக்கும் பழைய முறையும் ஏறத்தாழ இத்தகையதே.

1988ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற எஸ்.என்.எம்.பி. என்னும் அம்முறையில், நிலையத்திலுள்ள கணினி ஒவ்வொரு ரவுட்டரையும் சுவிட்சையும் குறித்த இடைவெளியில் அழைத்துக் கேட்கும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை கேட்பது பரவலான வழக்கம். விநாடிக்கு 100 மெகாபிட் கொள்ளளவுள்ள ஓர் இணைப்பு 30 விநாடி முழுதும் நிரம்பித் திணறிவிட்டு, எஞ்சிய 270 விநாடி சும்மா கிடக்கிறதென்று கொள்வோம். ஐந்து நிமிடச் சராசரி 10 மெகாபிட் என்றே காட்டும். பத்திலொரு பங்குதான் பயன்படுகிறது, குறையொன்றுமில்லை என்று நிலையத்தார் இருப்பர். பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவியின் திரையோ உறைந்து நின்றிருக்கும். அம்முறையில் ‘டிராப்’ எனும் அவசரச் செய்தியும் உண்டு. ஆயினும் அது போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்பிய கருவி அறியாது.

பேராக்கில் இது சிறிய செய்தியன்று. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பெற்ற இம்மாநிலத்தில், பால்மரம் நின்ற நிலம் பல இடங்களில் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் பழைய தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு உதவித்தொகை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிப்பாடம் ஆகிய பலவும் இன்று கைப்பேசி வழியே நடைபெறுகின்றன. 2020இல் அரசாங்கம் அறிவித்த ஜெண்டேலா திட்டம், மக்கள் வாழும் இடங்களில் 96.9 விழுக்காட்டை நான்காம் தலைமுறைச் சேவை எட்டவேண்டுமென்று முதற் கட்டத்திற்கு இலக்கு வைத்தது. 2021 இறுதியில் மூன்றாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பெற்றது. வரைபடத்தில் விழுக்காடு நிறைவது ஒன்று. மழை கொட்டும் மாலையில் இணைப்பு அறாமல் நிற்பது மற்றொன்று. பின்னதற்குத்தான் கண்காணிப்பு வேண்டும்.

புதிய முறைக்கு முன்மாதிரி நம் ஆற்றங்கரையிலேயே உண்டு. வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் தொலையளவு நிலையங்கள் மழையளவையும் ஆற்று நீர்மட்டத்தையும் அனுப்பி வருகின்றன. இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்னும் நான்கு படிகளில் அவற்றை ‘இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் எவரும் காணலாம். ஆளனுப்பிக் கோல் பார்த்துவரச் சொன்னால் அதுவரை ஆறு காத்திராது.

ரவுட்டரையும் இவ்வாறே பேசவைப்பதுதான் ‘ஸ்ட்ரீமிங் டெலிமெட்ரி’. மாத இதழுக்குச் சந்தா கட்டுவது போன்று, எந்தச் செய்தி, எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று ஒருதடவை பதிவு செய்துவிட்டால், கருவி தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். ஈப்போவில் 1969இல் நிறுவப்பெற்ற உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற இடங்களில் தொழில்நுட்பம் பயிலும் நம் பிள்ளைகள் இதனைக் கற்றுக்கொள்வது நலம்.

முதலில் எல்லாக் கருவிகளின் கடிகாரமும் என்.டி.பி. வழியே ஒத்திருக்க வேண்டும். நேரம் பிசகிய செய்தியால் குழப்பமே மிஞ்சும். அடுத்து, ‘ஓப்பன்கான்ஃபிக்’ குழுவினர் வகுத்த ஜி.என்.எம்.ஐ. என்னும் நெறிமுறையைக் கருவியில் இயக்கவேண்டும். அதற்கென ஒதுக்கப்பெற்ற வாயில் எண் 9339. சான்றிதழ் இன்றித் திறந்துவிடுதல் தகாது. நிலையத்தில் செய்திகளை வாங்க ‘டெலிகிராஃப்’ அல்லது ‘ஜி.என்.எம்.ஐ.சி.’, சேமிக்க ‘இன்ஃப்ளக்ஸ்டிபி’ அல்லது ‘புரோமிதியஸ்’, வரைந்து காட்ட ‘கிராஃபானா’ ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன.

சந்தா இருவகை. போக்குவரத்து எண்ணிக்கை, வெப்பநிலை ஆகியன ஓயாது மாறுவன; அவற்றைக் குறித்த இடைவெளியில் கேட்கவேண்டும். இணைப்பு உயிரோடு உள்ளதா என்பது எப்போதோ மாறுவது. அதனை ‘மாறும்போது மட்டும்’ என்று பதிந்தால் போதும். எல்லாவற்றையும் விநாடிக்கு விநாடி கேட்கும் ஆசை புதியவர்கட்கு எழும். பத்து விநாடிக்கு ஒருமுறை என்றாலே ஓர் எண்ணிக்கைக்கு நாளொன்றுக்கு 8,640 பதிவுகள். பழைய முறையில் 288. வட்டும் நிரம்பும், ரவுட்டரும் களைக்கும்.

அளவையில் ஒரு பொறி உண்டு. ஜி.என்.எம்.ஐ. இடைவெளியை நானோவிநாடியில் எண்ணும். பத்து விநாடிக்கு 1 எழுதிப் பத்துச் சுழியிட வேண்டும். சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.இ. கருவியில் நேரடியாக எழுதும் சந்தாவோ விநாடியில் நூறிலொரு பங்கை அலகாகக் கொள்வது. அங்கே பத்து விநாடி என்பது 1000.

இனி, பலரும் கவனியாது விடுவது. ‘மாறும்போது மட்டும்’ என்னும் சந்தாவில், செய்தி வராமை ‘மாற்றமில்லை’ என்று பொருள்படும். இடிமழையில் மின்சாரம் போய் ரவுட்டரே அணைந்துவிட்டாலும் செய்தி வராது. நலமும் மரணமும் ஒரே மௌனம்! ஆகவே அச்சந்தாவுடன் ‘ஹார்ட்பீட்’ எனும் நாடித்துடிப்பு இடைவெளியைச் சேர்த்தல் வேண்டும். மாற்றமில்லாவிடினும் நிமிடத்திற்கு ஒருமுறை கருவி தன் நிலையைச் சொல்லும். இரண்டு நிமிடம் துடிப்பு வராவிட்டால் மணியடிக்குமாறு நிலையத்திலும் அமைக்க வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையெனில் பயனில்லை.

கைப்பேசி அலைவரிசையை நம்பியிருக்கும் தோட்டப்புற ரவுட்டருக்கு வெளியிலிருந்து அழைப்பு நுழைவது பெரும்பாலும் இயலாது. ஜி.என்.எம்.ஐ. முறையில் நிலையமே கருவியை அழைப்பதால் அது அங்கே தடைப்படும். கருவியே நிலையத்தை அழைக்கும் ‘டயல்-அவுட்’ வசதியுள்ள ரவுட்டரை அங்கு வைப்பது சரி. இன்றேல் பாதுகாப்பான வி.பி.என். சுரங்கவழி ஒன்று வேண்டும்.

முதலில் ஒரே ரவுட்டரில் அமைத்துச் சோதிக்கலாம். கம்பியைக் கழற்றி, எத்தனை விநாடியில் நிலையத்திற்குத் தெரிகிறதென்று கடிகாரத்தில் பார்க்கவும். பிறகு மின்சாரத்தையே நிறுத்திப் பார்க்கவும். முன்னதற்குச் செய்தி வந்து, பின்னதற்கு மணி அடிக்காதிருப்பின், மறுபடியும் நாடித்துடிப்பு அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.