கோடை இடியும் கொங்கு நாடும்

சித்திரைத் திங்களின் ஒரு பிற்பகல். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைமேல் காலையில் பஞ்சுப்பொதிகள்போலச் சிதறிக் கிடந்த வெண்முகில்கள், நண்பகல் கடந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கோபுரம்போல் உயர்கின்றன. மூன்று மணிக்குள் அவற்றின் அடிப்பகுதி கறுத்துவிடுகின்றது. உச்சியோ கொல்லனது பட்டடைக் கல்லைப்போலத் தட்டையாக விரிகின்றது. சமவெளியில் அப்பொழுதும் வெயில் காய்ந்துகொண்டேயிருக்கும். களத்தில் கொப்பரை உலர்த்துவோரும் காட்டில் ஆடு மேய்ப்போரும் ஒருமுறை நிமிர்ந்து மலையைப் பார்ப்பர்; "மழை மலையோடு போய்விடும்" என்று சொல்லித் தம் தொழிலைத் தொடர்வர்.

கோடை இடிமழையால் நேரும் தீங்குகள் பலவும் இவ்வெண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. மழை பெய்யும் இடத்தில்தான் ஆபத்து உண்டு என்பது மக்களின் நம்பிக்கை. ஆயின் மழை இன்னும் வந்து சேராத இடத்திலும், பெய்து ஓய்ந்த இடத்திலும், ஒரு துளியேனும் விழாத இடத்திலும் உயிர்கள் மாய்ந்திருக்கின்றன. இஃது எங்ஙனம் நிகழ்கின்றது என்பதை அறிந்துகொண்டால், அஞ்ச வேண்டிய வேளையும் அஞ்ச வேண்டாத வேளையும் விளங்கும்.

கொங்கு நாட்டின் நில அமைப்பு இடிமழைக்கு மிகவும் ஏற்றது. வடமேற்கே நீலமலை நிற்கின்றது. அதன் முடியாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுடையது. தெற்கே ஆனைமலைத் தொடர். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் வாயில் திறந்தாற்போல் அமைந்தது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையின் பெரும்பகுதியை மலைகள் மறித்துக்கொள்வதால், கோவையும் அதன் கிழக்கேயுள்ள ஊர்களும் மழை மறைவுப் பகுதிகளாயின. ஐப்பசி, கார்த்திகை மழையே இந்நாட்டிற்குப் பெரும்பயன் தருவது. எனினும் சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழையை உழவர் பெரிதும் எதிர்பார்த்திருப்பர். இறுகிக் கிடக்கும் மானாவாரி நிலத்தில் கோடையுழவு ஓட்டுவதற்கு அம்மழையின் ஈரமே துணை. வேண்டிப் பெறுகின்ற மழையாதலின் அதன் கொடுமையைப் பேச எவரும் விரும்புவதில்லை போலும்.

கோடையில் நிலம் நண்பகலளவில் பெரிதும் காய்ந்து, தன்மேலுள்ள காற்றைச் சூடாக்குகின்றது. சூடான காற்று இலேசாகி மேலெழுகின்றது. அரபிக் கடலிலிருந்து கணவாய் வழியே புகும் ஈரக்காற்று அதனோடு சேர்கின்றது. மலைச்சரிவும் அக்காற்றை மேல்நோக்கி ஏற்றிவிடுகின்றது. உயர உயரக் காற்றுக் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி துளிகளாகின்றது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் குளிர் உறைநிலைக்கும் கீழே செல்ல, துளிகள் பனிக்கட்டிகளாகின்றன. கார்முகிலின் உச்சி 12 கிலோமீட்டருக்கு மேலும் எட்டுவதுண்டு. அம்முகிலினுள்ளே மேலேறும் காற்றும் கீழிறங்கும் காற்றும் ஓயாது மோதுகின்றன. சிறு பனித்துகள்களும் பெருங்கட்டிகளும் உராய்வதால் மின்னேற்றம் பிரிந்து, மேற்பகுதியில் நேர்மின்னும் கீழ்ப்பகுதியில் எதிர்மின்னும் திரள்கின்றன. திரண்ட மின் பாய்வதே மின்னல். பனிக்கட்டிகள் உருகுமுன்னரே தரையை அடைந்தால், அதனை ஆலங்கட்டி மழை என்கிறோம்.

இனி, மழைக்கு முன்னே வருவது காற்று. முகிலிலிருந்து விழும் மழைத்துளிகளிற் பல, வறண்ட காற்றினூடே வரும்போது ஆவியாகிவிடுகின்றன. அங்ஙனம் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிரச் செய்கின்றன. குளிர்ந்த காற்றுக் கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதி, கவிழ்த்த குடத்து நீர்போல நாற்புறமும் பரவுகின்றது. மழைக்கு முன் சில்லென்று வீசி மண்மணத்தைக் கொணர்வது இக்காற்றே. சில மாலைகளில் இது மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தையும் கடந்து வீசும். மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கத்து நேந்திரன் தோட்டங்களிலும், கோபி, சத்தியமங்கலம் பக்கத்துக் கதலித் தோட்டங்களிலும் குலை தள்ளி நிற்கும் வாழைகள் கால்மணி நேரத்தில் இடையொடிந்து சாய்ந்துவிடுவதை ஆண்டுதோறும் காணலாம். வாழையின் தண்டு மரமன்று. இலைக்காம்புகள் ஒன்றையொன்று தழுவி நிற்கும் நீர்ப்பிடிப்பே அது. தலையில் குலையின் கனமும், மேலே பாய்மரம்போல் விரிந்த இலைகளும் இருக்க, அது காற்றை எவ்வாறு தாங்கும்? சவுக்குக் கழியால் முட்டுக்கொடுப்பதும், தோட்டத்தின் ஓரங்களில் அகத்தியை நெருக்கி நடுவதும் உழவர் கண்ட காப்புகள். ஓராண்டு உழைப்பு அக்கழிகளின் உறுதியைப் பொறுத்தது. நகரங்களிலோ, சாலையோர விளம்பரப் பலகைகளும் தகரக் கூரைகளும் பழமரங்களும் அக்காற்றுக்கு இரையாகின்றன. இவையெல்லாம் நிகழ்ந்து முடியும்போதுதான் முதல் மழைத்துளி விழும்.

காற்றினும் கொடியது மின்னல். தமிழ் மக்கள் "இடி விழுந்தது" என்று சொல்வது வழக்கம். விழுவது மின்னலே, இடி அதன் ஓசை மட்டுமே. ஆயினும் வழக்கு இடியின் மேல்தான் பழியைச் சுமத்தியிருக்கின்றது. உரும், உருமேறு, இடியேறு என்று பழந்தமிழர் வழங்கிய பெயர்களும் அதன் முழக்கத்தையும் சினத்தையுமே காட்டுவன. மின்னல் பாயும் வழியிலுள்ள காற்று 30,000 பாகை வெப்பத்தை அடைகின்றது; கதிரவனது மேற்பரப்பின் வெப்பத்தைப் போல் இஃது ஐந்து மடங்கு. ஒரு நொடிக்குள் அவ்வளவு சூடேறிய காற்று வெடித்து விரிவதே இடியோசை. ஓசை காதில் விழுந்ததெனின், கேட்டவன் அந்த மின்னலுக்குத் தப்பிவிட்டான் என்பது பொருள். அடுத்த மின்னலுக்குத் தப்புவானா என்பதே கேள்வி.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னலுக்கு இரையானோர் 2,887 பேர். இத்தகையோருட் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். திறந்த வெளியில் தொழில் செய்வோர். மின்னல் முகிலுக்கு நேர்கீழேதான் விழும் என்பதில்லை. மழை பெய்யும் இடத்திற்கு 10 கிலோமீட்டர் அப்பாலும், தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதும் அது வந்து தாக்கும்.

காங்கயத்தைச் சுற்றியுள்ள உலர்களங்களை நினைத்துப் பார்க்கலாம். ஏக்கர்க் கணக்கில் பரந்த வெட்டவெளியில் கொப்பரை வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருக்கும். கீழ்வானில் ஓர் இடி கேட்டதும் ஆண்களும் பெண்களும் களத்தின் நடுவே ஓடிக் கொப்பரையைக் குவித்துப் படுதாவால் மூட முற்படுவர். நனைந்த கொப்பரை பூசணம் பூத்து விலை குறையும். ஆதலின் அவர்களது விரைவு வியப்புக்குரியதன்று. ஆனால் எந்த நேரத்தில் கூரைக்குள் இருக்க வேண்டுமோ, அந்த நேரத்திலேயே அத்தனை பேரும் வெளியில் நிற்கின்றனர். வானிலை அறிவிப்பைக் காலையிலேயே கேட்டு, நண்பகலுக்குள் குவித்து மூடிவிட்டால் பண்டமும் பிழைக்கும்; ஆளும் பிழைப்பர். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருவநிலை ஆராய்ச்சி மையம் உழவர்க்கென வானிலைக் குறிப்புகள் வழங்குகின்றது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலி, அண்மையில் மின்னல் விழுவதை உடனுக்குடன் காட்டுகின்றது.

அவ்வூர்ப் பக்கமே கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களும் உள்ளன. கிளுவை வேலி சூழ்ந்த அந்நிலத்தின் நடுவே இரண்டொரு வெள்வேல மரங்கள் நிற்கும். மழைக்கு ஆடுகள் அம்மரத்தடியில் நெருங்கி ஒண்டுகின்றன. மேய்ப்பவரும் அங்கேயே ஒதுங்குகிறார். தனி மரம் மின்னலுக்கு உயர்ந்த இலக்கு. மரத்தில் இறங்கிய மின் வேர் வழியே நிலத்திற் பரவும்போது, ஆட்டின் முன்காலில் ஏறி இதயத்தின் வழியே பின்காலில் இறங்குகின்றது. ஒரே மின்னலில் மந்தை முழுவதும் மாண்டுபோவதற்குக் காரணம் இதுவே. மரத்தைத் தொடாமல் தள்ளி நின்றால் போதும் என்பதும் பிழை. நான்கு புறமும் திறந்த தகரக் கொட்டகையும், தோட்டத்து ஓலைச் சாளையும் மழைக்குப் புகலிடமாகலாம், மின்னலுக்கு ஆகா. கான்கிரீட்டு வீடும், கதவு சாத்திய பேருந்தும் காரும் நல்ல காப்பு. வீட்டினுள்ளும் குழாயையும் சன்னற் கம்பியையும் தொடாதிருத்தல் நலம். கிணற்றடி மோட்டாரை நிறுத்தவென்று அவ்வேளையில் வெளியே ஓடுதல் கூடாது.

இடிதாங்கியை 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின் கண்டறிந்தார். 1753இல் உருசிய நாட்டுச் செயின்ட் பீட்டர்சுபர்க்கில் இரிக்மன் என்னும் அறிஞர், முகிலின் மின்னை அளக்க முயன்றபோது மின்னல் தாக்கி மாண்டார். அவர் அமைத்திருந்த கம்பி நிலத்தோடு இணைக்கப்படவில்லை. நம் நாட்டில் கோபுரக் கலசமே இடிதாங்கி என்று பெருமையாகப் பேசுவார் உளர். தரைவரை இறங்கும் கம்பியால் மண்ணோடு இணைக்கப்படாத கலசம் இடியைத் தாங்குவதில்லை. கோபுரத்தின் உச்சியைக் காட்டிக்கொடுப்பது மட்டுமே அதன் வேலை. இடி முழங்கும்போது முதியோர் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று கூவுதல் தமிழகமெங்கும் உள்ள வழக்கம். அச்சத்தில் நடுங்கும் குழந்தைக்கு அஃது ஆறுதல் தரும். அதனைப் பழிக்க வேண்டுவதில்லை. வீட்டினுள் இருந்துகொண்டு சொல்வதாயின் மிகவும் நன்று.

மின்னலின் தொலைவை அறிய ஒரு கருவியும் வேண்டா. ஒளி உடனே கண்ணுக்கு எட்டுகின்றது. ஓசையோ ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி எடுத்துக்கொள்கின்றது. மின்னியதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்பதற்குள் 30 எண்ணினால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அப்பொழுதே கூரைக்குள் புக வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் அரைமணி நேரம் கழிந்தே வெளிவரல் வேண்டும். இவ்விரண்டாம் விதியைப் பின்பற்றுவோர் மிகச் சிலரே. மழை விட்டதும் சாய்ந்த வாழையைப் பார்க்க ஓடுகின்றனர். பிள்ளைகள் ஆலங்கட்டி பொறுக்கவும் உதிர்ந்த மாங்காய் எடுக்கவும் ஓடுகின்றனர். முகில் கிழக்கே நகர்ந்தபோதிலும் அதன் பின்விளிம்பிலிருந்து மின்னல் பாயக்கூடும். ஒதுங்க இடமேயில்லாத வெளியில் அகப்பட்டவர், படுத்துவிடாமல், இரு பாதங்களையும் சேர்த்துக் குந்தித் தலையைக் குனிந்திருக்க வேண்டும். மின்னல் தாக்குண்டவர் உடலில் மின் தங்குவதில்லை. அவரைத் தொட அஞ்ச வேண்டா. மூச்சும் நாடியும் நின்றவர்க்கு உடனே மார்பை அழுத்தி இதயத்தை இயக்கினால் உயிர் மீளக்கூடும். உடன் இருப்போருள் ஒருவர் அவ்வாறு செய்துகொண்டிருக்க, மற்றொருவர் 108க்குச் சொல்ல வேண்டும்.

சமவெளியில் ஆபத்து மேலிருந்து வருகின்றது. மலையடிவாரத்திலோ அது நீர்வழியே வருகின்றது. மலைமேலிருப்போர்க்கு இரண்டும் உண்டு. வெள்ளியங்கிரியின் ஏழாம் மலைக்கு அடியார்கள் பிப்ரவரி முதல் மே வரையிலேயே ஏறுகின்றனர். அக்காலத்தின் பின்பாதி இடிமழைக் காலமுமாகும். மரமற்ற புல்வெளியும் பாறையுமாகிய அவ்வுச்சியில் மனிதனே உயர்ந்த பொருளாக நிற்பான். பிற்பகலில் முகில் திரளுமுன் அங்கிருந்து இறங்கிவிடுதல் அறிவுடைமை.

மலைச்சரிவில் பெய்யும் மழை நிலத்தில் ஊறத் தங்குவதில்லை. செங்குத்தான பாறைகளில் வழிந்து, நூறு ஓடைகளாகக் கூடி, அரைமணி நேரத்திற்குள் அருவிக்கு வந்துவிடும். அருவியில் நீராடுவோர்க்கு மேலே நீலவானம் தெரியும். மழை பெய்த இடம் மலை முதுகின் மறுபுறத்தில் இருக்கும். உடுமலைப்பேட்டையை அடுத்த திருமூர்த்தி மலையில், பஞ்சலிங்க அருவியின் வெள்ளம் திடீரெனப் பெருகி அடிவாரத்து அமணலிங்கேசுவரர் கோயிலைச் சூழ்ந்துகொள்வது அவ்வூரார் நன்கறிந்த செய்தி. கோவைக் குற்றாலத்திலும் நீர்வரத்து மிகும்போது வனத்துறையினர் வழியை அடைத்துவிடுகின்றனர். நெடுந்தொலைவு வந்தவர்கள் அவர்களோடு வழக்காடுவதும் உண்டு.

அவ்வழக்கு எத்துணைப் பேதைமை என்பதற்கு இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஒரு நிகழ்ச்சி சான்றாக உள்ளது. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், தென்காசி மாவட்டத்துப் பழைய குற்றால அருவியில் மக்கள் மகிழ்ந்து நீராடிக்கொண்டிருந்தனர். மலைமேல் பெய்த கோடை மழையால் அருவி கணப்பொழுதில் பொங்கி வந்தது. படிகளில் ஏறி ஓடியவர்கள் தப்பினர். 17 வயது நிரம்பிய சிறுவன் ஒருவன் வெள்ளத்தால் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். பள்ளிகளுக்கு விடுமுறை விட்ட காலம் அது. அதே வாரத்தில் நீலமலைக்கும் கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மே 18 முதல் 20 வரை வருகையைத் தவிர்க்குமாறு சுற்றுலாப் பயணிகளை மாவட்ட நிருவாகம் கேட்டுக்கொண்டது.

வெள்ளம் சொல்லாமல் வருவதாகக் கூறுவர். உற்றுப் பார்ப்பவர்க்கு அது சில குறிப்புகளைக் காட்டியே வருகின்றது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கிச் செந்நிறம் பெறும். சருகுகளும் சுள்ளிகளும் மிதந்து வரும். அருவியின் ஓசை தடித்துக் கேட்கும். சிலபோது நீர்மட்டம் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறியிருப்பதை உணர்வதற்குள் இவையெல்லாம் நிகழ்ந்துவிடும். அவ்வேளையில் கரையில் வைத்த துணியையும் செருப்பையும் தேடுதல் கூடாது. ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடுதலும் கூடாது. வெள்ளம் மனிதனினும் விரைந்தோடும். பக்கவாட்டில் கரைமேல் ஏறி, உயர்ந்த இடத்தில் நின்று, நீர் வடியும்வரை காத்திருத்தல் வேண்டும்.