ஜீவனாம்சம் எந்த வயது வரை?

‘தோளுக்கு மிஞ்சினால் தோழன்’ என்பது நம் பழமொழி. தோள் உயர்ந்த மகன் சொந்தக் காலில் நிற்கிறானா என்று பழமொழி கேட்பதில்லை. சட்டமும் கேட்பதில்லை என்பதை என் 18-ஆம் பிறந்தநாளில் அறிந்தேன்.

என் பெற்றோர் பிரிந்து வாழ்பவர்கள். நீதிமன்ற ஆணைப்படி தந்தையார் எனக்காக மாதந்தோறும் அனுப்பிய தொகை அம்மாதத்தோடு நின்றது. அதே ஆண்டில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரி வாசலை மிதித்தேன். தந்தையார் செய்தது சரிதானா? விடை தேடிச் சட்ட நூல்களைப் புரட்டினேன். அறிவியல் மாணவனாகிய நான் கண்டதை இங்கே தருகிறேன்.

சட்டம் சொல்வது

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவுக்குப் பதிலாக, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான இப்பிரிவின்படி, 18 வயது நிரம்பியதும் பிள்ளையின் உரிமை முடிகிறது. உடல், மன நலிவாலோ காயத்தாலோ தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு. மணமான மகளுக்கு அவ்விலக்கும் இல்லை.

இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, சொந்த வருவாயில் வாழ இயலாத மணமாகாத மகளுக்கு 18-க்குப் பின்னும் உரிமை அளிக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மகனுக்கோ இவ்வுரிமை இல்லை. ஆகவே, தந்தையார் சட்டத்தை மீறவில்லை!

நம் புதுவையில்

1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் குலவழக்கைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்தோரை ‘ரெனோன்சான்’ என்கிறோம். மேற்சொன்ன 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. பிரான்சு நாட்டிலோ, பிள்ளைக்கு வயது வந்ததாலேயே பெற்றோர் கடமை தானாக முடிந்துவிடாது என்று 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகவே கூறுகிறது.

நம் நாட்டிலும் ஒரு கீற்று தெரிகிறது. 2021-இல் டில்லி உயர் நீதிமன்றம், 18 வயதோடு மகன் மீதான தந்தையின் பொறுப்பு தீர்ந்துவிடாது என்று கருதி, மகன் பட்டம் பெறும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை தாய்க்கு மாதம் 15,000 ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் வழங்க ஆணையிட்டது.

முடிவுரை

சட்டம் விடுவிக்கும் வயது 18. பட்டம் கைக்கு வரும் வயது 21. இடைப்பட்ட மூன்றாண்டுகளை என் தாயாரின் தையல் எந்திரமே சுமக்கிறது. அவரை எந்தப் பிரிவும் கட்டாயப்படுத்தவில்லை. நண்பர்களே, உங்கள் இல்லத்தில் இத்தகைய வழக்கு சமரசமாக முடியுமானால், ‘படிப்பு முடியும் வரை’ என்ற மூன்று சொற்களை ஒப்பந்தத்தில் எழுதக் கேளுங்கள். எங்களுக்கு அன்று அதைச் சொல்ல ஆளில்லை.