வண்டற் சேற்றினால் அறியத்தகும் பூர்வ தாவர நிலைமை

ஓர் ஊரில் காடு குறைந்ததற்கு மழைக்குறைவு காரணமாயின், அதற்கேற்ற பயிரைத் தேடுவதே வழியாகும். வெட்டும் மேய்ச்சலுமே காரணமாயின், காட்டை மீட்கக்கூடும். ஆகையால் பூர்வ தாவர நிலைமையை ஆராய்தல் நிலச்சுவான்தார்களுக்கு அனுகூலமானதே.

1. சேற்றின் சாட்சி: பூக்களின் மகரந்தப் பொடி காற்றினாலும் நீரினாலும் சென்று பள்ளங்களில் படிகிறது. அதன் மேலுறை வெகு கடினமானது. நீர் வற்றாத சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாதிருக்கும். கோடையில் உலர்ந்து வெடிக்கும் ஏரிச் சேற்றிலோ விரைவில் கெடும். அடியடுக்கு பழையது, மேலடுக்கு புதியது. அடுக்குத்தோறும் பொடியைப் பூதக்கண்ணாடியில் இனம் பிரித்து எண்ணுவர். சதுப்பு மண்ணிலுள்ள கரிப்பொருளைச் சோதிப்பது மற்றொரு முறை. நீலகிரியில் சுமார் 20,000 ஆண்டுகளாக மரமும் புல்லும் மழைக்கேற்ப மாறி வந்ததை இம்முறையால் அறிந்து 1993ல் வெளியிட்டனர்.

2. தாம்பரத்தைச் சூழ்ந்த நிலம்: இங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெருமழையும், பின்னர் நீண்ட வறட்சியும் உண்டு. இதைத் தாங்கும் களா, காசா, வீரை முதலிய பசுமை மாறாப் புதர்க்காடே இப்பக்கத்து மேட்டு நிலங்களுக்கு உரியது. நன்மங்கலம், வண்டலூர்க் காடுகளில் அதன் மிச்சத்தைக் காணலாம். மனிதர் வாசமும் மிகப் பழமையானது; 1863ல் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் பல்லாவரத்தில் ஆதிமனிதரின் கற்கருவியைக் கண்டெடுத்தார்.

3. பகுத்தறியும் விதம்: மரப்பொடி குறைந்து புற்பொடி மிகுமாயின், அது வறட்சியாலும் ஆகலாம், மனிதர் வெட்டியதாலும் ஆகலாம். நெல்லின் பொடியைக் காட்டுப் புல்லினின்று பிரிப்பதும் எளிதன்று. அதே அடுக்கில் கரித்துகளும் வயற்களைகளின் பொடியும் சேர்ந்திருப்பின் மனிதர் செய்கையெனக் கருத இடமுண்டு. சவுக்கு இக்கரையில் 19ஆம் நூற்றாண்டில் விறகிற்காகப் பயிராக்கப்பட்டது. அதன் பொடி மிகுந்த அடுக்கு அதற்குப் பிற்பட்டதாகும். ஒரே சாட்சியைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது.

4. செய்யத்தக்கவை: இத்தகைய ஈரச் சேற்றுக்குப் பள்ளிக்கரணைக் கழுவெளி தக்க இடம். முன்னர் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரவியிருந்த அதன் பெரும்பகுதி கட்டடங்களாலும் குப்பையாலும் மறைந்தது. எஞ்சியது 2022ல் ராம்சார் தலமாயிற்று. கழுவெளியை வீண்நிலமென எண்ணித் தூர்த்தால் பூர்வ சாட்சி அழிவதோடு வெள்ளத்திற்கும் இடமில்லாமற் போகும். 2015 டிசம்பர் மழையில் முடிச்சூர் முதலிய ஊர்கள் அடைந்த துன்பத்தை யாவரும் அறிவர். ஆகவே கிராம அதிகாரிகள் பழைய நில அளவைப் படங்களில் ஏரி, கால்வாய், கழுவெளி எனக் குறித்த இடங்களை நேரிற் பார்த்து எல்லை காக்கவேண்டும். விவசாயிகள் எருவுக்கு வண்டல் எடுக்கையில் மேற்படிவை மாத்திரம் எடுத்து, அடிச்சேற்றைக் கலைக்காதிருத்தல் நலம்.