நீட்டலும் குறுக்கலும்

நுழையும்முன்

செய்யுளின் ஓசை குறையும் இடத்தில் எழுத்தை நீட்டியும் மிகும் இடத்தில் குறுக்கியும் நிறைவு செய்தல் தமிழ் மரபு. அதே பணியை இன்று ஒலித்தொகுப்பு மென்பொருள்கள் பதிவான பாடலின்மீது நிகழ்த்துகின்றன. சுருதி கெடாமல் பாடலின் வேகத்தை மட்டும் மாற்றுவது எவ்வாறு? திருப்பூரின் பின்னலாடையைத் துணைக்கொண்டு அறிவோம்.

ஏற்றம் இறைத்தவர் பாடிய பாட்டின் வேகத்தை அவர்தம் கால்களே வகுத்தன. உலக்கையின் எழுச்சியும் வீழ்ச்சியும் வள்ளைப்பாட்டின் அடியை அளந்தன. உடல் களைத்தால் பாட்டும் தளர்ந்தது. ஊக்கம் பிறந்தால் பாட்டும் முடுகியது. திருப்பூரின் பனியன் நிறுவனங்களில் வேகத்தை வகுப்பது மின்மோட்டார். அங்கு ஒலிக்கும் பாட்டோ என்றோ எங்கோ பதிவானது; அது பொறிக்கும் இசைவதில்லை, தைப்பவருக்கும் இசைவதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1940ஆம் ஆண்டு, பிரித்தானிய வானொலியான பிபிசி ஆலைத் தொழிலாளர்களுக்கெனவே ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கி 1967வரை ஒலிபரப்பியது. வேலைக்கும் பாட்டுக்கும் அறுந்த உறவை வெளியிலிருந்து ஒட்டவைக்கும் முயற்சி என்றே அதனைக் கொள்ளலாம்.

கொங்கு நாட்டில் அவ்வுறவு அறுபடாத ஓர் இடம் உண்டு. அது வள்ளி கும்மி. முருகன், வள்ளி கதையைப் பாடி ஆடும் இக்கலையின் மூத்த ஆசிரியர் பத்ரப்பன் அவர்களுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆசிரியர் நேரில் பாடிக் கற்பிக்கும்போது, அடி தவறுவோரைக் கண்டதும் தம் பாட்டை மெதுவாக்கிக்கொள்வார். பதிவான பாட்டுக்கு அந்தக் கண் இல்லை. பகலெல்லாம் தையல் பொறிமுன் அமர்ந்துவிட்டு மாலையில் கைப்பேசிப் பதிவைக்கொண்டு அடவு பழகும் ஒருவருக்கு, நிமிடத்திற்கு 120 தட்டு என ஓடும் பாட்டு எட்டாக் கனியாகிவிடும்.

வேகத்தைக் குறைத்தால் தீர்ந்தது என்று தோன்றலாம். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. பின்னல் துணியொன்றை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நீளம் கூடும், அகலம் சுருங்கும். கண்ணிகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதால் ஒன்றை விட்டு ஒன்றை மாற்ற இயலாது. பதிவான ஒலியும் அத்தகையதே. நாடாவை மெதுவாக ஓட்டினால் பாட்டு நீளும், நொடிக்கு எழும் அதிர்வுகளும் குறையும், சுருதி தாழும். 4 நிமிடப் பாடலின் வேகத்தை இவ்வாறு 20 விழுக்காடு குறைத்தால், தட்டு 120இலிருந்து 96 ஆகும்; பாடல் 5 நிமிடமாகும். (20 விழுக்காடு குறைத்ததற்கு 25 விழுக்காடு நீள்வதைக் கவனிக்க, பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவர்.) சுருதியோ ஏறத்தாழ நான்கு அரைச்சுரம் இறங்கும். 5 கட்டையில் பாடிய பெண்குரல் 2½ கட்டையை நெருங்கி ஆண்குரல்போல் கனத்துவிடும்.

மென்பொருள் இக்கட்டினை எவ்வாறு அவிழ்க்கிறது? இழுப்பதை விட்டுவிட்டு வெட்டித் தைக்கிறது. பாடலை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கினும் சிறிய துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் அதிர்வுகள் உள்ளவாறே இருப்பதால் சுருதி மாறுவதில்லை. பாட்டை நீட்ட வேண்டுமாயின் துண்டுகளின் சில பகுதிகளை மீண்டும் இடுகிறது. குறுக்க வேண்டுமாயின் சிலவற்றை விடுகிறது. கோடிட்ட துணியைத் தைப்பவர், தையலின் இருபுறமும் கோடும் கோடும் பொருந்துமாறு வைத்தே ஊசியை இறக்குவார். அவ்வாறே மென்பொருளும் அலைவடிவம் ஒத்துப்போகும் இடத்தைத் தேடி, ஒரு துண்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தின்மீது படியவைத்து இணைக்கிறது. பொருத்தம் நன்றாயின் செவி தையலை உணராது.

தமிழுக்கு இது புதிய எண்ணமன்று. அளபெடையில் எழுத்தின் ஒலி மாறுவதில்லை. அதன் மாத்திரை மட்டுமே மிகுகிறது. இசையோடு சேரும்போது எழுத்துகள் தமக்குரிய அளவைக் கடந்து ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியர் நூன்மரபிலேயே குறித்துள்ளார். பாட்டின் இயக்கத்தை முதல்நடை, வாரம், கூடை, திரள் என நான்காகப் பகுத்த இசைத்தமிழ் மரபும் நம்முடையது. அவற்றுள் முதல்நடை மிகத் தாழ்ந்த செலவினது. திரள் முடுகிய நடையினது.

தெரியுமா?

1958இல் அமெரிக்கரான ராஸ் பக்தசாரியன் மெதுவாக ஓடும் நாடாவில் பாடி, அதனை விரைவாக ஒலிக்கவிட்டுக் கீச்சுக்குரல் பாடலை உருவாக்கினார். 1966இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளனகன், கோல்டன் இருவரும் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியே மாற்றவல்ல கணித முறையை வெளியிட்டனர். கட்டணமின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000ஆம் ஆண்டு வெளிவந்தது.

ஆடாசிட்டியில் பாடலைத் திறந்து, வேண்டிய பகுதியைத் தெரிவுசெய்து, விளைவுகள் பட்டியலில் ‘டெம்போ மாற்றம்’ என்பதில் விழுக்காட்டை இட்டால் போதும். பழகுவோர் 20 விழுக்காடு குறைத்துத் தொடங்கி, அடவு படியப் படியச் சிறிது சிறிதாக மூல வேகத்துக்கு ஏறலாம். எல்லை மீறினால் பிழை தெரியும். குரலும் குழலும் ஓரளவு நீட்சியைத் தாங்கும். பறையும் தவிலும் தாங்குவதில்லை. ஒரே அடி மீண்டும் இடப்படும்போது அது திக்கித் திக்கி இரண்டு அடியாகக் கேட்கும். கும்மிக்குக் கைத்தட்டே உயிர் என்பதால், பாதி வேகத்துக்கு இறக்கிய பதிவைவிட மெதுவாகப் பாடும் ஒரு மனிதக் குரலே மேல்.

மாற்றிய பாடலை வீட்டில் கேட்டுப் பயில்வது வேறு, வெளியிடுவது வேறு. படைப்பாளியின் மதிப்புக்கு ஊறு விளையுமாறு படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அவருக்கு அளிக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடுவோர் முதலிய நிகழ்த்துநருக்கும் அத்தகைய உரிமையைத் தந்தது. முடுக்கப்பட்ட பாடலில் பாடியவர் பெயரையும் நீக்கிவிடுவது இக்காலத்தில் மலிந்துள்ள வழக்கம், அது முறையன்று.

இம்மென்பொருளின் அரிய பயன் வேறொன்று. முதியவர் பாடிய கும்மிப் பாடல்கள் பல ஒலிநாடாக்களில் உறங்குகின்றன. நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடவேண்டும். தேய்ந்த கருவியில் அது தளர்ந்து ஓடினால் வேகமும் சுருதியும் சேர்ந்தே தாழும். இங்கு டெம்போவை மட்டும் மாற்றுதல் தவறு. இரண்டையும் ஒருசேர உயர்த்தும் ‘வேக மாற்றம்’ என்னும் விளைவே வேண்டும். எவ்வளவு உயர்த்துவது? பதிவின்போது மின்சாரத்தின் முனகல் உட்புகுந்திருந்தால் அதுவே அளவுகோலாகும். நம் நாட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அம்முனகல் பதிவில் 48 ஹெர்ட்ஸாகக் காட்டினால், 50ஐ 48ஆல் வகுத்துக் கிடைக்கும் 4.17 விழுக்காட்டு உயர்வை இட வேண்டும். பாடியவரின் குரல் தன் பழைய கட்டைக்குத் திரும்பிவிடும். திருத்தாத மூலப்பதிவையும் அழிக்காமல் தனிக்கோப்பாக வைத்து, செய்த மாற்றத்தின் விழுக்காட்டைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.