வலுவான தகடு வளைந்து கொடுக்குமா?



நாம தண்ணி குடிக்கிற எவர்சில்வர் டம்ளரை உற்றுப் பாருங்க. பல டம்ளர்களில் ஒட்டே இருக்காது. தட்டையான தகட்டை அச்சில் வைத்து அழுத்தியே அந்த வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள். கார் கதவும் அப்படித்தான். கிழியாமல் வடிவம் எடுப்பதுதான் தகட்டின் உருமாறும் திறன்.

சாதாரண மென் எஃகுத் தகட்டில் 1 சதுர மி.மீ. பரப்பு சுமார் 30 கிலோ எடையைத் தாங்கும். வலுவான எஃகு 60 கிலோ, அதற்கு மேலும் தாங்கும். அதனால் தகட்டை மெலிதாக்கலாம். காரின் எடை குறையும், விபத்தில் உள்ளே இருப்பவர் உயிரும் பிழைக்கும். ஆனா ஒரு சிக்கல்! வலிமை கூடினால் பெரும்பாலும் நீளும் தன்மை குறையும். அதனால்தான் சோதனை.

1. எரிக்சன் சோதனை: தகட்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்து, 20 மி.மீ. விட்டமுள்ள உருண்டை முனையால் நடுவில் அழுத்துவார்கள். தகடு கிண்ணம் போலக் குழியும். விரிசல் விட்டதும் நிறுத்தி, குழியின் ஆழத்தை அளப்பார்கள். ஆழம் கூடினால் தகடு நல்லது.

2. துளை விரிவுச் சோதனை: தகட்டில் 10 மி.மீ. துளை போட்டு, 60 டிகிரி கூம்பை அதில் அழுத்துவார்கள். விளிம்பு வெடிக்கும்போது துளை 14 மி.மீ. ஆகியிருந்தால் விரிவு 40 சதவீதம்.

ஒரே சோதனை போதாதா என்று நீங்க கேட்கலாம். போதாது! சில வலுவான எஃகில் மென்மையான பகுதியும் கடினமான பகுதியும் கலந்திருக்கும். அது நடுவில் நன்றாக நீளும். ஆனா வெட்டிய ஓரத்தில் சீக்கிரம் வெடித்துவிடும். முதல் சோதனையில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில்!

இன்னொன்று, அழுத்தத்தை எடுத்ததும் தகடு கொஞ்சம் பின்னால் திரும்பும். யங் குணகம் எல்லா எஃகுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வலுவான தகட்டை வளைக்க அதிகத் தகைவு வேண்டும். அதனால் அது அதிகமாகவே திரும்பும். அச்சு செய்பவர் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிக வலுவான பாகத்துக்கு வேறு வழி உண்டு. போரான் கலந்த எஃகை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, இளகிய நிலையில் அழுத்தி, அச்சுக்குள்ளேயே சட்டென்று குளிர வைப்பார்கள். அப்போ 1 சதுர மி.மீ. சுமார் 150 கிலோ தாங்கும்!

எனக்குப் புரிந்தது இதுதான்: வலிமை வேறு, வளைந்து கொடுப்பது வேறு. இரண்டையும் தனித்தனியே அளந்து பார்த்தால்தான் தகட்டை நம்பலாம்.

யோசியுங்க: சோதனைத் துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால் விரிவு கூடுமா, குறையுமா? விடை தெரிந்தவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்க.