பழைய மரவேலை யந்திரங்களுக்கு நியாய விலை காணுதல்

காளிகாட் என்றவுடன் கோயிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைச் சுற்றி வாழ்ந்த பட்டுவர்கள் தீட்டிய ஓவியங்களுமே நினைவுக்கு வரும். கோயிலுக்கு மேற்கே ஆதி கங்கை ஓடுகிறது. 1770களில் வில்லியம் டாலி என்பவர் இதனைத் தூர்வாரிப் படகுப் போக்குவரத்துக்கு உரியதாக்கினார். ஆதலின் டாலி நாலா என்ற பெயரும் இதற்கு உண்டு. மறு கரையில் சேத்லா. கிழக்கே சிறிது தூரம் நடந்தால் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் பகுதி. நகரின் வடபகுதியில், ஹூக்ளியின் கரையிலுள்ள நிம்தலா மரவாடிகள் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. கொல்கத்தா போன்ற பழைய தொழில் நகரத்தில், ஒரு தலைமுறை உழைத்து முடித்த யந்திரங்கள் அடுத்த தலைமுறையின் கைக்கு மாறிக்கொண்டே இருத்தல் இயல்பு.

இக் கைமாற்றத்தில் விலையைக் கணிப்பது எவ்வாறு என்பதே இப்பாடம். கடன் விண்ணப்பத்தை ஆராயும் களப்பணியாளருக்கும், கைத்தொழில் கற்பிக்கும் ஆசிரியருக்கும் இது பயன்படும்.

ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆதி கங்கைக் கரையில் ஒரு சந்து. அங்கே பட்டறை நடத்திவந்த மூத்த தச்சர் காலமாகிவிட்டார். அவருடைய மனைவி, எட்டு ஆண்டுகள் உபயோகித்த பன்னிரண்டு அங்குல இழைப்பு யந்திரம் ஒன்றை விற்க விரும்புகிறார். பழைய இரும்பு வியாபாரி வந்து பார்த்து ரூ. 11,000 தருவதாகச் சொல்கிறார். அடுத்த சந்தில் உள்ள இளந்தச்சர் ஒருவர் கடன் பெற்றேனும் அதனை வாங்கிவிட வேண்டுமென்று துடிக்கிறார். அம்மையார் ஏமாறலாகாது; இளைஞரும் கடனில் மூழ்கலாகாது. (இங்கு வரும் தொகைகள் யாவும் கணக்குக்காகக் கொள்ளப்பட்டவை. உண்மை விலைகளை அவ்வப்போது விசாரித்தே அறிதல் வேண்டும்.)

கணக்கேடு சொல்லும் விலை

இதே அளவுள்ள புது யந்திரத்தின் இன்றைய விலை ரூ. 90,000 என்க. பழைய யந்திரத்தை அன்று வாங்கிய விலை நமக்கு வேண்டுவதில்லை. வாங்குபவர் இன்று கடைக்குச் சென்றால் என்ன கொடுக்க நேரிடும் என்பதே அடிப்படை. இரண்டு விற்பனையாளரிடமாவது எழுத்து மூலம் விலை பெறுதல் நன்று.

ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் நூற்றுக்குப் பதினைந்து கழித்துக்கொண்டு வருதல் ஒரு முறை. அவ்வாறு எட்டு ஆண்டுகள் கழித்தால் நிற்பது ஏறக்குறைய ரூ. 24,500. யந்திரத்தின் ஆயுள் இருபது ஆண்டு, இறுதியில் இரும்பு விலையாக ரூ. 9,000 எஞ்சும் என்று கொண்டு ஆண்டுக்குச் சமமாகக் கழிப்பது மற்றொரு முறை. அதன்படி நிற்பது ரூ. 57,600. ஒரே யந்திரம், ஒரே வயது. விடைகளோ இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகின்றன. இவை வரிக்கும் கணக்கேட்டுக்கும் வகுக்கப்பட்ட முறைகள். யந்திரத்தை இவை பார்த்ததில்லை! ஆகவே நாம்தான் பார்க்க வேண்டும்.

வியாபாரியின் விலையையும் சோதிப்போம். யந்திரத்தின் எடை 350 கிலோ. பழைய இரும்பு கிலோ ரூ. 30 எனில் ரூ. 10,500. அதாவது அவர் அதனை யந்திரமாக அன்றி வெறும் இரும்பாகவே விலை பேசுகிறார். இது விலையின் அடித்தளம். இதற்குக் கீழே விற்பவர் இறங்க வேண்டியதில்லை. ஓடும் யந்திரத்தை இவ்விலைக்குக் கொடுத்துவிடுதல் பெரும்பாலும் அறியாமையாலோ அவசரத்தாலோ நேர்வது.

யந்திரத்தைப் பரிசோதித்தல்

வேறொருவர் செய்து கடையில் விற்கும் பாகம் எது, இந்த யந்திரத்தோடு பிறந்து இதனோடு முடியும் பாகம் எது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பேரிங் தேய்ந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. 6205 என்ற எண் பொறித்த பேரிங் எந்த நாட்டில் வாங்கினாலும் 25 மி.மீ. துளையும் 52 மி.மீ. வெளி விட்டமும் 15 மி.மீ. அகலமும் உடையதாகவே இருக்கும். பெல்ட், கத்தி, மோட்டார் யாவும் அவ்வகையே. ஆனால் வார்ப்பிரும்பு மேசையோ உடற்பகுதியோ பிளந்திருந்தால் யந்திரம் பெரும்பாலும் பழைய இரும்பே. தமிழ்நாட்டுப் பட்டறையிலும் அவ்வாறே.

ஆதலால் வார்ப்பிலிருந்து தொடங்குக. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் முழுமையான வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். வெடிப்புள்ளது மழுங்கி ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் சுண்ணக்கட்டித் தூளைப் பூசுக. வெடிப்பில் தங்கிய எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தோன்றும். வகுப்பறையில் மாணவர்க்குக் காட்டுவதற்கும் இது ஏற்ற சோதனை. ஓரிடத்தில் மட்டும் புதிதாக வர்ணம் பூசியிருந்தால் அவ்விடத்தைக் கட்டாயம் சோதிக்கவும். வர்ணத்துக்கு எவரும் வீணாகச் செலவழிப்பதில்லை.

பிறகு மேசை. இழைப்பு யந்திரத்தில் முன் மேசை, பின் மேசை என இரண்டு உண்டு. இவை ஒரே தளத்துக்கு இணையாக நிற்காவிடில் எவ்வளவு கூரிய கத்தி பூட்டினும் பலகை வளைந்தே வரும். நல்ல எஃகு நேர்விளிம்பை இரண்டின்மீதும் வைத்து இடைவெளித் தகடுகளால் அளக்க வேண்டும். மீட்டர் நீளத்தில் 0.1 மி.மீ. அளவு பொறுக்கத்தக்கது. அரை மி.மீ. இருந்தால் மேசையைக் கழற்றிச் சீவ வேண்டிவரும். அச்செலவு விலையை அடியோடு மாற்றிவிடும். கொல்கத்தாவின் மழைக்கால ஈரத்தில் மேசைமேல் படியும் செந்துரு பார்வைக்கு அச்சமூட்டும். எண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு தேய்த்தால் பெரும்பாலும் நீங்கிவிடும். துருவைக் காட்டி விலை குறைப்போர் உளர். அம்மையாரைப் போன்றவர்களிடம் இதனைச் சொல்லிவைத்தல் களப்பணியாளரின் கடமையே.

அடுத்தது கத்தி உருளை. மிகப் பழைய யந்திரங்களில் இது சதுர வடிவில் இருக்கும். உருளைக்கும் மேசை விளிம்புக்கும் இடையே பெரிய வாய் திறந்து கிடப்பதால், கை நழுவினால் விரல்கள் முழுவதும் உள்ளே இழுக்கப்படும். வட்ட உருளையில் அவ்வாய் குறுகியது; காயம் நேரினும் அதன் ஆழம் குறைவு. வார்ப்பில் ராச்டேல் நகரத்து ராபின்சன், லெஸ்டர் நகரத்து வாட்கின் போன்ற பழைய ஆங்கில நிறுவனங்களின் பெயரிருந்தால் சிலர் கூடுதல் விலை கேட்பர். வார்ப்பின் தரத்துக்காக அதனை மதிக்கலாம். சதுர உருளை இருப்பின் எந்தப் பெயருக்காகவும் அதனை இளந்தச்சரின் பட்டறைக்குப் பரிந்துரைத்தல் தகாது என்பது எமது கருத்து.

மோட்டாரைப் பொறுத்தவரை பெயர்த்தகட்டை முதலில் படிக்கவும். கொல்கத்தாவில் 1899ஆம் ஆண்டு மின்விநியோகம் தொடங்கியபோது அளிக்கப்பட்டது நேர் மின்னோட்டம். நகரின் சில பகுதிகளில் அது நெடுங்காலம் நீடித்தது. எனவே மிகப் பழைய பட்டறையில் நேர் மின்னோட்ட மோட்டாரைக் கண்டால் வியப்பதற்கில்லை. அது இன்று செம்பு விலைக்கே உரியது. அமெரிக்காவிலிருந்து வந்த யந்திரமாயின் தகட்டில் 60 சைக்கிள் என்றிருக்கும். நமது 50 சைக்கிளில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழலும். கப்பியை மாற்றிச் சரிசெய்யலாம். மோட்டாரின் காப்புத்தடை 500 வோல்ட் மெகரில் ஒரு மெகோமுக்குக் குறைந்தால் சுருள் மாற்ற வேண்டிவரலாம். ஆனால் மழைக்காலம் முழுதும் ஓடாமல் கிடந்த மோட்டாரை உடனே அளந்து தீர்ப்புச் சொல்லலாகாது. அருகில் மின்விளக்கை எரியவிட்டு ஒருநாள் உலர்த்திய பின்னரே அளக்க வேண்டும்.

இறுதியில் யந்திரத்தை இருபது நிமிடமேனும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேரிங் உறைமேல் கை வைக்க முடியாத சூடு ஏறினாலோ, திருப்புளியின் முனையை உறையில் வைத்துப் பிடியைக் காதில் பொருத்திக் கேட்கும்போது கரகரப்பு வந்தாலோ பேரிங் மாற்றவேண்டும். ஓட்டிக் காட்ட இயலாத யந்திரத்துக்கு ஓடாத யந்திரத்தின் விலையே.

காவற் கவசத்தைப் பலர் விலையில் சேர்ப்பதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் அபாயகரமான பாகங்களுக்கு வேலி விதித்தது. அச்சட்டம் அமலுக்கு வந்தபின் நிறுவப்படும் யந்திரங்களில், சுழலும் தண்டில் துருத்திநிற்கும் திருகும் சாவியும் மூடப்பட வேண்டும் என 26ஆம் பிரிவு விதித்தது. மீறினால் உபயோகிப்பவர் மட்டுமன்றி, தொழிற்சாலைக்கு அத்தகைய யந்திரத்தை விற்பவரும் தண்டனைக்குரியவர் என்றும் அப்பிரிவு கூறியது. சிறு பட்டறை அச்சட்டத்தின் எல்லைக்குள் வராதிருக்கலாம். விரல்களுக்கு அந்த எல்லை தெரியாது. கவசம் செய்யும் செலவை விலையிலிருந்து கழித்தே தீரவேண்டும்.

விலை கட்டுதல்

நம் யந்திரத்தின் வார்ப்பு முழுமை, மேசை நேர், உருளை வட்டம். பேரிங் கரகரக்கிறது, மோட்டார் உலர்த்திய பின்னும் தேறவில்லை, கவசம் இல்லை. நல்ல நிலையிலுள்ள பழைய யந்திரம் புதியதைப் போலவே வேலை செய்யுமாயினும் உத்தரவாதமற்றது. ஆகையால் புது விலையில் நூற்றுக்கு அறுபது, அதாவது ரூ. 54,000 எனக் கொள்வோம். இதில் கழிக்க வேண்டியவை: பேரிங் மாற்ற ரூ. 2,500, மோட்டார் சுருள் ரூ. 4,500, புதுக் கத்திகள் ரூ. 2,000, கவசம் ரூ. 3,000, கழற்றி ஏற்றி இறக்கிப் பொருத்த ரூ. 5,000. குறுகிய சந்தில் வண்டி நுழையாது. நகரத்தில் கனரக வண்டிகளுக்குப் பகல்நேரக் கட்டுப்பாடுகளும் உண்டு. ஆகவே கடைசித் தொகையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஆக ரூ. 17,000 போக ரூ. 37,000. கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்கெனப் பத்தில் ஒரு பங்கு விட்டால் ரூ. 33,300. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நியாய விலை. வியாபாரி சொன்னதைப்போல் மூன்று மடங்கு!

ஆனால் நியாய விலை வேறு, தாங்கும் விலை வேறு. ரூ. 33,300 கொடுத்து வாங்கினும் இளைஞருக்கு ஆகும் மொத்தச் செலவு ரூ. 50,300. கடன் விண்ணப்பத்தில் கொள்முதல் விலையை மட்டும் எழுதினால், யந்திரம் பட்டறைக்கு வந்தும் ஓடாமல் நிற்கும். தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் இப்போது பிறர் யந்திரத்தில் இழைக்க மாதம் ரூ. 2,400 கூலி தருகிறார். சொந்த யந்திரத்தில் மின்சாரத்துக்கும் கத்தி தீட்டவும் ரூ. 900 ஆகும். மிச்சம் ரூ. 1,500. முப்பத்தாறு மாதத் தவணையில் முதலுக்கே மாதம் ஏறக்குறைய ரூ. 1,400 வேண்டும், வட்டிக்கு வழியில்லை. அக்கம்பக்கத்துத் தச்சர்கள் கூலிக்கு மரம் கொண்டுவருவார்களா என்று விசாரித்து, வருவார்கள் என்று உறுதிப்பட்டாலன்றி இவ்விண்ணப்பத்தைப் பரிந்துரைத்தல் அவருக்கு நன்மையாகாது. அம்மையாருக்கு வேறு தச்சர் ஒருவரைத் தேடித் தரலாம்.

ஏல முறையையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம். மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் 1964இல் தோன்றியது. கொல்கத்தாவையே தலைமையிடமாகக் கொண்டது. அரசு நிறுவனங்களின் உபரிப் பொருள்களையும் கழித்த யந்திரங்களையும் இணையவழி ஏலத்தில் விற்கிறது. இத்தகைய ஏலங்களில் பொருள் ‘உள்ளபடியே, உள்ள இடத்திலேயே’ என்ற நிபந்தனையுடன் விற்கப்படும். அதாவது வாங்கிய பின் குறை கண்டால் முறையிட இடமில்லை. ஏற்றிச் செல்லும் செலவும் வாங்குபவருடையதே. ஆகவே ஏலத்துக்கு முன் பார்வைக்கு அனுமதிக்கும் நாளில் நேரில் சென்று, மேற்கூறிய சோதனைகளில் இயன்றவற்றைச் செய்தல் வேண்டும். பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க முடியாதாகையால், கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்கான பங்கைப் பத்தில் ஒன்றுக்குப் பதில் நான்கில் ஒன்றாகக் கொள்க.

பயிற்சி: மேற்கண்ட யந்திரத்தின் முன் மேசையில் 0.5 மி.மீ. வளைவு இருப்பதாகவும், அதனைச் சீவ ரூ. 8,000 ஆகும் எனவும் கொண்டு நியாய விலையை மீண்டும் கணக்கிடுக. பின்னர் உங்கள் பள்ளிப் பட்டறையிலுள்ள யந்திரம் ஒன்றை மாணவர் இரு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு விற்பவராகவும் மறு குழு வாங்குபவராகவும் நின்று தனித்தனியே மதிப்பிட்டு, இரு விலைகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு எந்தெந்தப் பாகத்தில் எழுந்தது என்பதை எழுதுக.