இசைக்காகும் சுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம்மனைய மாணாக்கரை நோக்கிப் பெரியோர் கூறுவர். கறிக்கு உதவாத சுரைக்காய் வேறொன்றும் உண்டு. கொடியிலேயே முற்றி, காய்ந்து ஓடாகி, இசைக்கருவியின் குடமாவது அது. அதனை வளர்க்கும் முறையையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மகுடியின் காற்றறை சுரைக்குடுக்கையே. தஞ்சை வீணையின் குடம் பலாமரத்தாற் குடைவது. எனினும், தண்டின் மறுமுனைக்குக் கீழே வாசிப்பாரின் இடத்தொடையிற் படியும் சிறு குடம் முன்னாளில் சுரையாகவே இருந்தது. எளிதில் உடைவதென்று அதனைத் தள்ளி, காகிதக் கூழாலும் கண்ணாடி நாராலும் செய்த குடங்களை இப்பொழுது பெரிதும் பொருத்துகின்றனர். வடநாட்டுச் சித்தாரிலோ பெருங்குடமே சுரை. மகாராட்டிரத்து மீரஜ் நகரிற் செய்யும் சித்தாரும் தம்புராவும் 2024இல் புவிசார் குறியீடு பெற்றன. அவற்றிற்கு வேண்டிய காய்களைப் பீமா ஆற்றங்கரையிலுள்ள பண்டரிபுரத்தின் பக்கத்து உழவர் அதற்கென்றே பயிரிடுகின்றனர். கருவி செய்தோரின் பெயர் பரவிற்று. கொடி காத்தோரை யார் அறிவார்?

பெருமுக்கற் குன்றின் அடிவாரத்தில் எம் வீட்டுப் புறக்கடையில் யான் முதன்முறை விதையூன்றியது ஆடியில். கறிக்கு அது நற்பட்டம், ஓட்டிற்கோ ஆகாது. காய் முற்றுங்கால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காம்பு பசுமையாயிருக்கும்போதே அஞ்சிப் பறித்தேன். பத்து நாளில் அழுகி நாறிற்று.

அடுத்து, தை மாதத்தில் ஊன்றினேன். சுரைப்பூ மாலையில் மலர்வது. ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு. அந்தியில் ஆண்பூவைக் கொய்து பெண்பூவிற் தடவின் காய் தப்பாது பிடிக்கும். பந்தலில் தொங்குங் காய் நீளும். குடத்திற்கு வேண்டுவது வைக்கோல்மேல் அமர்ந்து அடிபரந்த காய். கொடிக்கு ஓரிரண்டே விடல் வேண்டும். இடர் இங்கேதான். முற்றுங் காயைச் சுமந்த கொடி புதுப் பிஞ்சு விடுவதிற் சுணங்கும். “ஒரு குடுக்கைக்காக ஒரு மாசக் கறியைக் கெடுக்கிறியேடா!” என்றார் ஆயா. அவர் கணக்கிற் பிழையில்லை. வாய்திறவாது நின்றேன்.

காம்பு உலர்ந்து பழுப்பேறிய பின்னரே அறுத்தேன். நிழலிற் காற்றோட்டமாக வைத்துப் பலவாரம் காய வேண்டும். மேலே பூஞ்சை படருதல் இயல்பே. மென்மை தட்டினால்தான் கேடு. குலுக்கும்போது விதை கலகலவென ஒலிப்பின் பக்குவம் வந்தது எனக் கொள்க. பின்னர் ஈரத்துணி சுற்றி ஊறவைத்து மேற்றோலைச் சுரண்டி, வாயை வாளால் அறுத்து, உள்ளிருக்கும் சோற்றை நீரில் ஊறவைத்து வழித்தெடுக்க வேண்டும். உலர்ந்த சோற்றைச் சுரண்டுவோர் மூக்கைத் துணியாற் கட்டிக்கொள்க. அத்தூள் நெஞ்சை அடைக்கும்.

வாயில் ஆட்டுத்தோல் போர்த்து, மூங்கிலொன்றைக் குறுக்கே செருகி, கம்பியொன்று முறுக்கி, சிறு குதிரை நிறுத்தினேன். கம்பியின் அதிர்வு குதிரைவழித் தோலுக்கும், தோல்வழி உள்ளிருக்கும் காற்றிற்கும் இறங்குகிறது. ஓடு மெலிதாயும் உரமாயும் இருந்தாலன்றி நாதம் நில்லாது. என் குடுக்கை சிறிதே கரகரத்தது; ஆயினும் சுருதி நின்றது. ஆயா திண்ணையிலிருந்தபடியே சிறிதுநேரம் கேட்டார். பின் எழுந்து வந்து, யான் வழித்தெடுத்துப் போட்டிருந்த விதைகளைப் பொறுக்கிக் கழுவி உலர்த்தி, சாம்பலிற் புரட்டி எடுத்துவைத்தார்.